பரண் பெட்டியைத் திறக்கும் முன்: பழைய புத்தகங்களைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டை இடிக்க நாள் குறித்தபோது பரணிலிருந்து மூன்று தகரப் பெட்டிகள் இறங்கின. ஒன்றில் பித்தளைச் சாமான், இரண்டில் புத்தகம். பித்தளைக்கு நாலு பேர் பங்கு கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு மாமா, "எடைக்குப் போட்டுடுப்பா, கரையான் இந்த வீட்டுக்கும் வந்துடப் போகுது" என்றார். போடவில்லை. இரண்டு பெட்டியையும் பிரித்துப் பார்த்து முடிக்க எனக்கு இரண்டு கோடை ஆயிற்று. அதில் செய்த தப்புகளையும் கற்றுக்கொண்ட வேலைகளையும்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய புத்தகம் என்றதும் சாமி பாட்டு, ஜோசியம், நாட்டு வைத்தியம் என்றுதான் நினைக்கிறோம். அவையும் இருந்தன. கூடவே மாட்டு வாகடம் என்னும் மாட்டு வைத்தியப் புத்தகம், வாய்பாட்டுப் புத்தகமான எண்சுவடி, கூத்துப் புத்தகம் ஒரு கட்டு, பள்ளி வாசகப் புத்தகங்கள், ஆர்மோனிய விலைப்பட்டியல், நிலவரி கட்டிய கிஸ்து ரசீது, உருது எழுத்தில் இரண்டு புத்தகங்கள். எதில் எது இருக்கும் என்று அட்டையை வைத்துச் சொல்லவே முடியாது. எங்கள் நிலத்துக் கிணற்றின் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பஞ்சாங்கத்தின் ஓரத்தில். அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: முழுதாகப் புரட்டும் வரை எந்தத் தாளையும் குப்பை என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதல் வேலை: பூச்சியும் தூசியும்

பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறக்காதீர்கள். திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ பழைய வேட்டியை விரித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு திறங்கள். வேலூர் வெயில் இருக்கிறதே, நன்றாகக் காயட்டும் என்று நான் முதல் நாள் பத்துப் புத்தகங்களை அக்கினி நட்சத்திரத்தில் வெளியே பரப்பினேன். சாயங்காலம் அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

கரையான் மண் தடம் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுவது இராமபாணப் பூச்சி. பசையையும் தாளின் மேல் பரப்பையும் தின்னும். குண்டூசி நுழையும் அளவில் துளைகள் அட்டைக்கு அட்டை நேராகப் போயிருந்தால் அது புழுவின் வேலை. மருந்து அடிப்பதைவிட நல்ல வழி குளிர்தான். காய்ந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். மீன் வைக்கும் இடத்தில் தாத்தா புத்தகமா என்று வீட்டில் கேட்பார்கள். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

தூசியை மென்மையான பிரஷால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். வேப்பிலை, வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடுங்கள், பக்கத்துக்கு நடுவே வைத்தால் கறை படியும்.

ஒரு வியப்பையும் இங்கேயே சொல்கிறேன். எங்கள் பெட்டியில் மிகப் பழைய புத்தகம்தான் திடமாக இருந்தது. 1940-களில் வந்தவை தொட்டாலே உதிர்ந்தன. பழைய தாள் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. மரக்கூழ்த் தாள் மலிவாக வந்த பிறகு அதிலுள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே பொடியாக்குகிறது. ஆகவே தாள் பழுப்பாக உதிர்கிறது என்பதற்காக அதிக வயதுள்ள புத்தகம் என்று எண்ண வேண்டாம். ஆனால் அதை முதலில் படம் எடுத்து வைப்பது அவசியம்.

இரண்டாவது: வரிசை கலையாமல் பட்டியல்

அடுக்கியிருந்த வரிசையிலேயே எண் போடுங்கள், புத்தகத்தின் மேல் அல்ல, தனிச் சீட்டில். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஊர், அச்சகம், விலை, யார் கையெழுத்து இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உள்ளே செருகியிருக்கும் ரசீது, கடிதம், மயிலிறகு எதையும் உருவிப் போடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு பிறகு எடுங்கள். பிள்ளைப்பேறு மருந்து இருந்த பக்கத்தில் ஒரு தபால் அட்டை இருந்தது. அதைப் படித்த பிறகுதான் பாட்டிக்கு அம்மாவுக்கு முன்பு ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. உருவி எடுத்திருந்தால் அட்டை வேறு, பக்கம் வேறாகப் போயிருக்கும்.

கிரயப் பத்திரம், பட்டா மாதிரி ஏதாவது வந்தால் அதை மட்டும் அன்றைக்கே உறைபோட்டு, வீட்டுப் பெரியவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது: வயதைக் கண்டுபிடித்தல்

1867-ஆம் ஆண்டு வந்த சட்டம், அச்சகத்தின் பெயரும் ஊரும் ஒவ்வொரு புத்தகத்திலும் இருக்க வேண்டும் என்றது. அதனால் முகப்புப் பக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நம் கைக்கு வருவதில் முகப்புப் பக்கம்தான் முதலில் போயிருக்கும். இருந்தாலும் ஆண்டு என்ற இடத்தில் "தாது வருஷம் ஆனி மாதம்" என்று மட்டும் நிற்கும்.

அறுபது வருஷச் சுற்றில் பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. வருஷப் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று பார்த்து, ஒன்றைக் கழித்து, அந்த ஆண்டோடு கூட்டினால் விடை. தாது பத்தாவது, 1867-உடன் ஒன்பதைக் கூட்டினால் 1876. ஆமாம், நம் பக்கத்துக் கிழவிகள் சொல்லும் அதே தாது வருஷப் பஞ்சம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை, அட்சய வருஷம். பாலாற்றுப் பெருவெள்ளம் வந்த 1903, சோபகிருது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பக்கத்து வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிக்கல் எதுவென்றால், தாது என்பது 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். கலியாண்டு கொடுத்திருந்தால் 3101-ஐக் கழியுங்கள். சாலிவாகன சகாப்தம் என்றால் 78-ஐக் கூட்டுங்கள். ரசீதில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள், பசலி 1345 என்பது 1935 ஜூலையில் தொடங்கியது. இவை எதுவுமே இல்லையா? அப்போது முகவரியைப் பாருங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான்.

வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு ஒரு காலத்தில் தலைநகரம் சித்தூர். திருப்பதி இருக்கும் சந்திரகிரி தாலூகாவும் நம் ஜில்லாவில்தான் இருந்தது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே "வட ஆர்க்காடு ஜில்லா, சந்திரகிரி தாலூகா" என்று அச்சிட்டிருந்தால் அது 1911-க்கு முந்தியது. "சென்னை ராஜதானி" என்றால் வெள்ளைக்காரன் காலம். "சென்னை மாநிலம்" என்பது 1969 பொங்கலோடு "தமிழ்நாடு" ஆயிற்று. ரப்பர் ஸ்டாம்பில் 632 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு குத்தியது. "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்றால் 1989-க்குப் பின். விலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் "ந.பை." என்று நயா பைசா ஓடியது.

நான்காவது: எழுத்தைப் பழக்கப்படுத்துதல்

1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் படித்தால் பழகிவிடும். இதில் ஒரு வயதுக் குறிப்பும் உண்டு. 1978-க்கு முந்திய தாளில் புதிய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் சுயமரியாதை இயக்கத்தார் அச்சிட்டது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935-லேயே அந்த எழுத்துகளைக் கொண்டுவந்துவிட்டார்.

எண்கள்தான் நம்மைக் கவிழ்க்கும். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பன்னிரண்டை ௰௨ என்று எழுதுவார்கள், பின்னால் வந்தவர்கள் ௧௨ என்று எழுதினார்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸. நான் ஒரு மருந்துக் குறிப்பில் "மிளகு அ" என்பதை ஏதோ விடுபட்ட சொல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எட்டு மிளகு, அவ்வளவுதான்.

அடுத்தது புணர்ச்சி, அதாவது சொற்களைச் சேர்த்தே எழுதுவது. "வெந்நீரிலிட்டுக்காய்ச்சியிறுத்துப்பாலிற்கலந்துண்க" என்று ஒரே மூச்சில் ஓடும். முணுமுணுப்பாக வாய்விட்டுப் படியுங்கள், காது பிரித்துக் கொடுத்துவிடும். வெந்நீரில் இட்டு, காய்ச்சி, இறுத்து, பாலில் கலந்து உண்க. இந்த வேலைக்கு வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருந்தால் அகராதி தேவையில்லை. என் அத்தை எட்டாவதோடு நின்றவர், பழைய பக்கத்தை என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் படிப்பார்.

ஐந்தாவது: அளவுகளை மாற்றுதல்

இதைச் செய்யாமல் பழைய சமையல் குறிப்போ மருந்தோ விவசாயக் கணக்கோ ஒன்றும் புரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ராஜதானி எடையில் 3 தோலா ஒரு பலம், அதாவது 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு, 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மருந்துக்கு வேறு கணக்கு: குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம். நெல்லுக்கு 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் படி என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ப் படி வீட்டில் கிடந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிடுங்கள். நிலத்துக்கு 100 குழி ஒரு காணி, சுமார் 1.32 ஏக்கர். நேரத்துக்கு ஒரு நாழிகை 24 நிமிஷம். "உதயாதி நாழிகை 12-க்கு ஆண் சிசு ஜனனம்" என்று இருந்தால், சூரியன் ஆறு மணிக்கு உதித்த நாளில் அது காலை 10 மணி 48 நிமிஷம்.

ஆறாவது: எதில் எதைத் தேடுவது

பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் எறிவது அதைத்தான். ஆற்காட்டுப் பெயரோடு வரும் சீதாராமையர் பஞ்சாங்கம் தமிழ்நாடு முழுக்கப் பேர் பெற்றது, நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். போன வருஷப் பஞ்சாங்கத்தால் என்ன பயன் என்றால், அச்சடித்ததில் பயன் குறைவுதான். ஓரத்தில் எழுதியதில்தான் இருக்கிறது. தாத்தா பதினேழு வருஷம் பஞ்சாங்க ஓரத்தைக் கணக்கு நோட்டாக வைத்திருந்தார். செவலை கன்று போட்டது, வேர்க்கடலை விதைத்தது, மாமனாருக்குக் கொடுத்த கைமாற்று, அப்புறம் ஒவ்வொரு சித்திரையிலும் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஒரு வரி. அந்த வரிகளை மட்டும் தனியே எழுதிப் பார்த்தேன். வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் கீழே இறங்குகிறது. பம்ப்செட் வந்த வருஷத்துக்குப் பிறகு இறக்கம் வேகமெடுக்கிறது. பாலாற்றங்கரையில் நிலத்தடி நீர் போன கதையை எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் கிணற்றுக்கு மட்டுமான கணக்கு இந்த ஓரத்தில்தான் இருந்தது. இப்படியொரு பஞ்சாங்கம் உங்களிடம் இருந்தால் ராசிபலனைத் தாண்டிவிட்டுப் பென்சில் எழுத்தைப் படியுங்கள்.

மாட்டு வாகடம். மருந்துகளை விட்டுவிட்டு நோய்ப் பெயர்களையும் அறிகுறிகளையும் பாருங்கள். கோமாரி, அடைப்பான், சப்பை நோய் எல்லாம் இன்றும் கால்நடை மருந்தகத்தில் சொல்லும் பெயர்கள். வெக்கை நோய் வேறு கதை. ஊர் ஊராக மாட்டைக் கொன்ற அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். இன்று படித்து வரும் மருத்துவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். எங்கள் வாகடத்திலோ கண்ணில் நீர் வடிவதிலிருந்து கழிச்சல் வரை நாள் கணக்கோடு இருக்கிறது. பார்த்துப் பார்த்து எழுதிய கை அது.

மனிதருக்கான வைத்தியப் புத்தகத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணீர் வேறு. ஆனால் பெயர்கள் ஏமாற்றும். குமரி என்றால் கற்றாழை, கையான் என்றால் கரிசலாங்கண்ணி, நாகம் என்றால் துத்தநாகம். "வீரம்" என்று இருப்பது தைரியம் அல்ல, கடும் விஷமான பாதரச உப்பு. பூரமும் பாதரசம்தான். மனோசிலை, அரிதாரம் இரண்டும் பாஷாண வகை. இவை வரும் எந்தக் குறிப்பையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. புத்தகத்தில் "சுத்தி செய்து" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். அந்தச் சுத்தி முறை குருவிடம் கற்பது, பக்கத்தில் இருக்காது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணக்குப் புத்தகம். முந்திரி என்பது 320-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. இந்தப் பின்ன வாய்பாட்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள். கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் வரும் பலாப்பழக் கணக்கு பலருக்குத் தெரியும்: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியுமாம். ஜவ்வாது மலைப் பலா ஒன்றை வாங்கி வந்து முயன்று பார்த்தேன். முள்ளை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதிலேயே எனக்கும் மனைவிக்கும் சண்டை. விடை பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கும் கணக்கை எந்தப் பிள்ளையும் மறக்காது. பழம் நன்றாக இருந்தது.

கூத்துப் புத்தகங்கள்தான் எங்கள் பெட்டியின் புதையல். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கர்ண மோட்சம், அர்ச்சுனன் தபசு என்று மலிவு விலைக்கு அச்சிட்ட புத்தகங்களை வாத்தியார்கள் வாங்கி வைத்திருப்பார்கள். அச்சில் இருப்பது பாதிதான். ராகம் மாற்றி எழுதியது, ஒரு தருவை (கூத்துப் பாட்டை) அடித்துவிட்டு இன்னொன்றை ஒட்டியது, "இங்கே கட்டியக்காரன் வருவான்" என்று கூத்துக் கோமாளிக்கான குறிப்பு, எல்லாம் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று கூத்தில் இரண்டு உண்டு. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் குறிப்புகள் வேறு வேறாக இருந்தால் அந்த வேறுபாட்டைக் கையில் பிடித்த மாதிரி. ஆடிய ஒருவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். நான் ஒரு பெரியவரிடம் படித்துக் காட்டினேன். நாலாவது வரியில் என்னை நிறுத்திவிட்டு, புத்தகத்தில் இல்லாத விருத்தத்தை அவர் பாடத் தொடங்கிவிட்டார். போனில் பதிவு செய்யத் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் போனைத் தயாராக வைத்திருங்கள்.

சிந்து, கும்மி என்று எட்டுப் பக்கம், பதினாறு பக்கத்தில் வரும் குஜிலிப் பிரசுரங்களும் கிடைக்கலாம். வெள்ளம், பஞ்சம், கொலை, ரயில் விபத்து என்று எது நடந்தாலும் சந்தையில் பாடி விற்ற செய்தித்தாள் அது. தாள் மோசம், அச்சு மோசம், ஆனால் தெருவில் சனங்கள் என்ன பேசினார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பள்ளிப் புத்தகங்கள் பெரிதாக ஒன்றுமில்லை, பூகோளப் புத்தகத்தின் ஜில்லா வரைபடத்தைத் தவிர. விளம்பரப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள்: கூந்தல் தைலம், கடிகாரம், வி.பி. தபாலில் (வாங்கும்போது பணம் கட்டும் தபாலில்) வரும் ஆர்மோனியம் என்று விலையோடு இருக்கும். ஒரு வருஷத்து நெல் விலையையும் ஆர்மோனிய விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் வாங்கியிருக்க முடியும் என்று புரிந்துவிடும்.

உருது, தெலுங்கு எழுத்தில் வந்தால் நமக்கு ஆகாது என்று ஒதுக்காதீர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் உருது என்று நினைத்தால் தப்பு. தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் என்று ஒன்று உண்டு. எங்கள் இரண்டில் ஒன்று அதுதான். பக்கத்துத் தெரு பாய் வாங்கிப் பார்த்து வாசித்தபோது வந்தது முழுக்கத் தமிழ்ப் பாட்டு! தாத்தாவிடம் அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழாவது: நம்புவதற்கு முன் சரிபார்த்தல்

பழையது என்பதாலேயே சரியாகிவிடாது. ஒரே செய்தி மூன்று புத்தகத்தில் இருந்தால் மூன்று சாட்சி என்று எண்ண வேண்டாம். ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டும் அச்சடித்திருக்கலாம். அச்சுப்பிழையைப் பாருங்கள்: அதே பிழை மூன்றிலும் இருந்தால் அது நகல், சாட்சி ஒன்றுதான்.

ஆசிரியர் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அகத்தியர் அருளியது என்று அட்டையில் இருக்கும், உள்ளே புகையிலை வரும், மிளகாய் வரும், பறங்கிப் பட்டை வரும். புகையிலையும் மிளகாயும் போர்த்துக்கீசியர் வந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவை. பறங்கிப் பட்டை பெயரிலேயே பறங்கியரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டு 1500-க்குப் பிறகு யாரோ எழுதியது. இதனால் புத்தகத்தின் மதிப்பு குறையாது, அதன் காலம் சரியாகிறது, அவ்வளவுதான்.

ஊர்ச் செய்திகளுக்கு எதிர்ச் சாட்சியாக ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. காக்ஸ் என்ற அதிகாரி எழுதி 1881-ல் வந்த வட ஆர்க்காடு ஜில்லா மேனுவல், பிறகு ஸ்டூவர்ட் திருத்தி 1890-களில் மறுபடி வந்தது. ஏரி, பயிர், சாதி, கோயில், பஞ்சம் எல்லாம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வரி வாங்க வந்தவனின் கண் அது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். சாதிகளைப் பற்றி எழுதியதில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏரிக் கணக்கில் நம்பிக்கை அதிகம்.

இந்தச் சரிபார்ப்பு வெறும் பொழுதுபோக்கு இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படி ஒன்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தப் பொருள் அந்த ஊரில் காலங்காலமாக இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அப்போதுதான் பழைய விவசாயப் புத்தகத்தையும் சந்தை ரசீதையும் தேடுவார்கள். உங்கள் பெட்டியில் ஊர்ப் பெயரோடு ஒரு பயிர், ஒரு நெசவு, ஒரு பண்டம் இருந்தால் தனியே குறித்து வையுங்கள்.

எட்டாவது: படம் எடுத்தலும் கொடுத்தலும்

ஸ்கேனர் வேண்டியதில்லை, போன் போதும். ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் அணைத்து, புத்தகத்தைச் சப்பையாக அழுத்தாமல் பாதி திறப்பில் இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து எடுங்கள். முதலில் எல்லா வலப்பக்கங்களும், பிறகு எல்லா இடப்பக்கங்களும் எடுத்தால் வேகம். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உட்புறத்தையும் விடாதீர்கள், கையெழுத்தெல்லாம் அங்கேதான். போனில் எழுத்தைத் தானாகப் படித்துக் கொடுக்கும் வசதி பழைய லை, னை வடிவங்களைத் தப்பாக எடுக்கும், கையால் திருத்தத்தான் வேண்டும்.

இணையத்தில் ஏற்றுவதானால் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும். ஏற்கனவே இருக்கிறதா என்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். இல்லாத புத்தகம் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்கலாம். குஜிலிப் பிரசுரம் போன்ற சிறுநூல்களை மதித்துச் சேர்ப்பவர்கள் அவர்கள். ஓலைச்சுவடி என்றால் 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். ஓலையில் நீங்களாக எண்ணெயோ மையோ தடவிப் பார்க்காதீர்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வழக்கு வரும்.

விற்பதில் நான் சூடுபட்டவன். ஒரு வியாபாரி வந்து கட்டாகப் பேசி, முகப்புப் பக்கம் நன்றாக இருந்த நாலை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு வந்து எடுக்கிறேன் என்று போனவர்தான். விற்பதானால் பட்டியலோடு, ஒவ்வொன்றுக்கும் விலை பேசி, படம் எடுத்த பிறகு விற்கவும். ஓரக் குறிப்புள்ள புத்தகத்தை எந்த விலைக்கும் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. வாங்குபவருக்கு அது கறை, உங்களுக்கு அது கிணறு.

பெட்டியைத் திரும்ப மூடும்போது

அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பெரிய புத்தகம் கீழே, படுக்கை வசத்தில். வருஷத்துக்கு இரண்டு முறை, சரஸ்வதி பூஜைக்கு ஒன்று, பங்குனியில் ஒன்று, திறந்து காற்றாட விடுங்கள். மூடியின் உட்புறம் பட்டியலின் ஒரு பிரதியை ஒட்டி, எடுத்தவர் பெயர் எழுத இடம் விடுங்கள். எங்கள் பட்டியலின் கீழே அத்தை தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "௰௧ மாட்டு வாகடம் என்னிடம். தை முடிந்து தருவேன்." எந்த வருஷத்துத் தை என்று எழுதவில்லை.